ஒரு மர மிஷினுக்கு ஐந்து வாரம்

கூட்டேரிப்பட்டு,
திண்டிவனம் தாலுக்கா.
21.01.2025

மெக்கானிக் அவர்களுக்கு,

இன்று காலை உங்கள் கடையில் சிவப்புப் பையோடு கால் மணி நேரம் நின்ற பெண் நான். பெயர் ஜெசிந்தா. மரம் வெட்டும் தென்னரசுவின் மனைவி. அவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. பதினைந்து வருடம் அவருடைய மரம் அறுக்கும் மிஷினை உங்களிடம்தான் ரிப்பேருக்குக் கொண்டுவந்தார், அதனால் ஆளைத் தெரிந்திருக்கும்.

என்ன மிஷின் வாங்கலாம் என்று கேட்டேன். நீங்கள் வாயைத் திறந்தீர்கள், மூடினீர்கள். பிறகு ஒரு பில் காகிதத்தின் பின்புறம், "எனக்குப் பேச்சு திக்கும். போனில் இன்னும் மோசம். வேண்டியதை எழுதிப் போடுங்கள், நானும் எழுதுகிறேன்" என்று எழுதிக் கையில் கொடுத்தீர்கள். பக்கத்தில் நின்றவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு விழுப்புரம் வந்தவளைக் கடிதம் எழுதச் சொல்கிறாரே என்று எரிச்சல்தான் வந்தது. என்னிடம் இருப்பது பட்டன் போன். அதில் தமிழ் எழுத எனக்கு வராது. ஆகவே இதோ எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். அவர் போன பிறகு நானும் பக்கத்து வீட்டுத் தையல்நாயகியும் மரம் வெட்டுகிற இடங்களில் கிளை கழித்துக் கட்டை அடுக்குகிறோம். மிஷின் பிடிக்க வெளி ஆள் வருகிறான். அவன் வந்தால் வேலை, வராவிட்டால் வெறும் வயிறு. அவனை நம்பி நின்றது போதும். இனி நானே மிஷின் பிடிக்கப்போகிறேன். அவருடைய பழைய மிஷின் தூக்கினாலே இடுப்பைப் பிடிக்கிறது, எஞ்சினும் இறுகிவிட்டது. கையில் பதினைந்தாயிரம் இருக்கிறது, அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. யானை மாதிரி பெரிதும் வேண்டாம், விளையாட்டுச் சாமான் மாதிரி சின்னதும் வேண்டாம். நடுத்தரமாக ஒன்று சொல்லுங்கள்.

எங்கள் பக்கம் பச்சைமுத்து என்று ஒரு சவுக்கு ஏஜெண்டு. அவர் கையில் இரண்டு ஏக்கர் தோப்பு வெட்டுக்கு நிற்கிறது. போய்க் கேட்டேன். "பொம்பள மிஷின் புடிச்சி நான் பாத்ததில்லமா. பிப்ரவரி கடைசிக்குள்ள மிஷினோட வந்து நில்லு. கண்ணால பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். அந்தத் தோப்பு கிடைத்தால் அவர் கைகாட்டுகிற தோப்பெல்லாம் எனக்குத்தான். கிடைக்காவிட்டால் கடைசிவரை கட்டை அடுக்குகிறவளாகவே இருந்துவிட வேண்டியதுதான். சீக்கிரம் பதில் போடவும்.

இப்படிக்கு,
ஜெசிந்தா


நேருஜி ரோடு,
விழுப்புரம்.
25.01.2025

ஜெசிந்தா அவர்களுக்கு,

சவுரிராயன் எழுதிக்கொள்வது. கடையில் உங்களை நிற்க வைத்ததற்கு முதலில் மன்னிப்பு. வாய் வராத நாளில் எனக்கு எதுவும் வராது. உங்களைப் பார்த்ததும் அன்றைக்கு இருந்த கொஞ்சநஞ்சமும் போய்விட்டது. கை மட்டும் நன்றாகப் பேசும். படிக்கப் படிக்கப் போதும் போதும் என்று ஆகிவிடும், பாருங்கள்.

நடுத்தர மிஷின் என்று ஒரு வார்த்தையில் கேட்டுவிட்டீர்கள். அதில்தான் ஏமாற்று அதிகம். ஸ்டிக்கரில் 62 சி.சி. என்று இருக்கும், உள்ளே பிரித்தால் ஐம்பதைத் தாண்டாது. பெட்டியில் ஐந்து கிலோ என்று போட்டிருப்பார்கள். அது வெறும் எஞ்சினின் எடை. நீளப் பட்டையான பாரை மாட்டி, அதன்மேல் செயின் போட்டு, பெட்ரோலும் ஆயிலும் ஊற்றிய பிறகு தூக்கிப் பார்த்தால் ஏழு கிலோ. குனிந்து சவுக்கின் அடியை அறுக்கும்போது அந்த இரண்டு கிலோ யாருடைய முதுகில் ஏறும்? கடைக்காரர் முதுகிலா?

அதனால் அவசரப்படாமல் சில கேள்விகள். சவுக்கு மட்டும்தானா, புளி, வேம்பு, வாகையும் உண்டா? அடிமரம் உங்கள் கையால் எத்தனை சாண் சுற்றளவு? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தொடர்ந்து பிடிப்பீர்கள்? கூட நிற்பது யார்? இதற்கெல்லாம் பதில் தெரிந்தால்தான் நான் கை நீட்டி ஒன்றைக் காட்டமுடியும்.

தென்னரசு நல்ல மனிதர். ரிப்பேர் முடிந்த மிஷினை ஒருமுறை முடுக்கிப் பார்த்துவிட்டு, "கொயந்த மாதிரி பாடுது பாருங்க" என்பார். அவர் போன செய்தி எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதை அப்போதே எழுதிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

சவுரிராயன்


கூட்டேரிப்பட்டு.
30.01.2025

சவுரிராயன் அவர்களுக்கு,

கேட்டதற்கெல்லாம் பதில். பெரும்பாலும் சவுக்கு. அடியில் இரண்டு சாண், மிஞ்சினால் மூன்று. போன புயலில் சாய்ந்த வேம்பும் வாகையும் அங்கங்கே கிடக்கின்றன, அவை வருடத்துக்கு ஏழெட்டு வரும். காலை ஆறரைக்கு ஆரம்பித்துப் பத்தரை வரை, பிறகு வெயில் தாழ இரண்டு மணி நேரம். கூட நிற்பது தையல்நாயகி. அவளுக்கு என்னைவிட இரண்டு மடங்கு தைரியம், அதில் பாதி வாயில்.

மிஷின் பிடித்துப் பழக்கம் உண்டா என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். அவர் வெட்டும்போது கயிறு பிடித்தது நான்தான். மரம் எந்தப் பக்கம் சாயும் என்று அவரைவிட எனக்கு முன்னால் தெரியும். எஞ்சின் சத்தத்தில் கூப்பிட்டால் காது கேட்காது என்று மெல்லிய நைலான் கயிறு ஒன்றை அவர் இடுப்பில் கட்டியிருப்போம். ஒரு இழுப்பு என்றால் நிறுத்து, இரண்டு இழுப்பு என்றால் விட்டுவிட்டு ஓடு. பன்னிரண்டு வருடத்தில் இரண்டு இழுப்பு மூன்றே முறை இழுத்திருக்கிறேன். அவருக்கு மாரடைப்பு வந்தது வீட்டில், சோற்றுத் தட்டுக்கு முன்னால். அங்கே இழுக்கக் கயிறு இல்லை.

இதை எதற்கு உங்களுக்கு எழுதினேன் என்று தெரியவில்லை. அடித்துவிட்டால் அசிங்கமாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

ஐந்து லிட்டர் தண்ணீர் கேனை மிஷின் மாதிரி பிடித்துக்கொண்டு குனிந்து நடந்து பழகுகிறேன். மாமியார் ஜெயம் பார்த்துவிட்டு, "பேய் கீய் புடிச்சிக்கிச்சாடி உனக்கு?" என்கிறார். சீக்கிரம் மிஷின் பெயரைச் சொல்லுங்கள்.

ஜெசிந்தா


விழுப்புரம்.
04.02.2025

ஜெசிந்தா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். தொழில் சம்பந்தமான பகுதிக்கு ஒருமுறை போதுமாக இருந்தது.

கேன் பழக்கம் நல்லது. ஆனால் மிஷினுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, கேனுக்குக் கிடையாது. பாரின் நுனி இருக்கிறதல்லவா, அதன் மேல் பாதி எதன்மேலாவது பட்டால் மிஷின் எகிறி முகத்துக்கு வரும். கண் இமைக்க நேரம் இராது. சவுக்கு நெருக்கமாக நிற்கும் மரம். ஒன்றை அறுக்கும்போது நுனி பக்கத்து மரத்தைத் தேடிப்போய்த் தொடும். பார் நீளமாக ஆக ஆக அந்த ஆபத்தும் கூடும். அதனால் "இருபத்திரண்டு இஞ்ச் பார், என்ன மரமானாலும் அறுக்கும்" என்று யாராவது ஆசை காட்டினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். முன்கைப்பிடிக்கு முன்னால் ஒரு தகடு இருக்கும், செயின் பிரேக். மணிக்கட்டு பட்டதும் செயின் நிற்கவேண்டும். மலிவு மிஷின்களில் அது அழகுக்கு.

இன்னும் கொஞ்சம் கேட்கவேண்டியிருக்கிறது. உங்கள் உயரம் என்ன? வலது கையா, இடது கையா? மிஷினைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் நடக்கவேண்டும்?

என்னைப் பற்றியும் இரண்டு வரி. கடையில் ஒரு நாளைக்கு நான் பேசுவது முப்பது வார்த்தை இருக்கும். "ஆயில் மாத்து", "நாளைக்கு வா", "பிளக் போச்சு." அம்மா இருந்தவரை அவருக்கு என் பாதிச் சொல் போதும், மீதியைத் தானே சொல்லிக்கொள்வார். அவர் போய் ஐந்து வருடம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இந்தப் பத்து நாளில் உங்களுக்கு எழுதியதை வாயால் சொல்லவேண்டுமென்றால் எனக்கு ஒரு வருடம் ஆகும்.

சவுரிராயன்


கூட்டேரிப்பட்டு.
10.02.2025

சவுரிராயன் அவர்களுக்கு,

உயரம் ஐந்தடி ஒன்று. வலது கை. நடக்கவேண்டியது அரை கிலோமீட்டர். ரேஷன் கார்டு நம்பரும் வேண்டுமானால் அடுத்த கடிதத்தில் அனுப்புகிறேன். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இத்தனை கேட்கமாட்டார்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். உண்மையைச் சொன்னால் தபால்காரர் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போது நான் அடுப்பை விட்டுவிட்டு எழுந்துவிடுகிறேன். தையல்நாயகி கண்டுபிடித்துவிட்டாள். "யக்கா, மிஷினுக்கா காத்துக்கினு கீற, காயிதத்துக்கா?" என்று கேட்டாள். அடி கொடுத்தேன். பதில் கொடுக்கவில்லை.

மகள் அமலா புதுச்சேரியில் நர்சிங் படிக்கிறாள், ஹாஸ்டல். மாமியார் ஆறு மணிக்கே ஜெபம் சொல்லிப் படுத்துவிடுவார். சாயங்காலம் வேலையிலிருந்து வந்து கை கால் கழுவி உட்கார்ந்தால், இன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்க ஆள் கிடையாது. அது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. பசியைவிடக் கஷ்டம். இதை ஊரில் யாரிடமும் சொல்லமுடியாது, வேறு மாதிரி பேசுவார்கள். உங்களிடம் சொல்லலாம் போலத் தோன்றுகிறது.

நாள் ஓடுகிறது. பச்சைமுத்து நேற்று கேட்டார். இந்தக் கடிதத்துக்குப் பதிலில் கேள்வி இருக்கக்கூடாது. மிஷினின் பெயர் மட்டும் இருக்கவேண்டும்.

ஜெசிந்தா


விழுப்புரம்.
17.02.2025

ஜெசிந்தா அவர்களுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். கரும்பு வெட்டு முடிகிற சமயம், கடையில் ஸ்பிரேயரும் மோட்டாரும் குவிந்து கிடக்கின்றன.

மூன்று மிஷின்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று 38 சி.சி., பதினாறு இஞ்ச். கைக்கு லேசு, ஆனால் வாகையைக் கண்டால் மூச்சு வாங்கும். இன்னொன்று 45 சி.சி., பதினெட்டு இஞ்ச். பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, உதிரி பாகம் திண்டிவனத்திலேயே கிடைக்கும். மூன்றாவது 52 சி.சி., பலம் உண்டு, எடையும் உண்டு. நடுவிலிருப்பது சரியாக இருக்கும்போலத் தெரிகிறது. இருந்தாலும் புது லோடு ஒன்று சென்னையிலிருந்து வரவேண்டியிருக்கிறது. அதையும் பார்த்துவிட்டு முடிவாகச் சொல்கிறேனே. பத்து நாள் பொறுங்கள்.

இன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்க ஆள் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். நான் கேட்கிறேன். இன்றைக்கு என்ன நடந்தது, ஜெசிந்தா? தினமும் எழுதினாலும் படிப்பேன். இங்கே சாயங்காலம் ஷட்டரை இறக்கிவிட்டு, ஒரு டீ வாங்கிக்கொண்டு உங்கள் கடிதத்தை எடுத்து வைத்துக்கொள்கிறேன். டீ ஆறிப்போகிறது.

சவுரிராயன்


கூட்டேரிப்பட்டு.
01.03.2025

சவுரிராயனுக்கு,

இன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டீர்கள். எழுதுகிறேன், உட்கார்ந்து படியுங்கள்.

பத்து நாள் பொறுங்கள் என்றீர்கள். எனக்குப் பத்து நாள் இல்லை என்று முதல் கடிதத்திலேயே சொல்லியிருந்தேன். 26ஆம் தேதி வரை பார்த்தேன். தபால் வரவில்லை. விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டி ரோட்டோரம் வேனில் வைத்து விற்கிறான் என்றார்கள். போய் வாங்கினேன். 62 சி.சி., இருபத்திரண்டு இஞ்ச் பார். நீங்கள் வேண்டாம் என்று சொன்னதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்த மிஷின். வேண்டாததை எல்லாம் எழுதினீர்களே, வேண்டியதை எழுதினீர்களா?

27ஆம் தேதி பச்சைமுத்துவின் தோப்பில், அவர் முன்னால், நாலு ஆம்பிளைகள் முன்னால் முடுக்கினேன். முதல் மரம் நன்றாகத்தான் விழுந்தது. இரண்டாவது மரத்தில் நுனி பக்கத்து மரத்தைத் தொட்டது. தகடு மணிக்கட்டில் பட்டது, செயின் நிற்கவில்லை. இடது முன்கையில் பதினோரு தையல். முகத்துக்கு வரவில்லை, அந்த மட்டும் ஆண்டவருக்குத் தோத்திரம். என் கையில் துணியைச் சுற்றும்போதே பச்சைமுத்து, "பாத்தியாம்மா, இதுக்குத்தான் சொன்னேன்" என்றார். தோப்பை வேறு ஆளுக்குப் பேசி முடித்துவிட்டார். இனிமேல் நான் மிஷினோடு எங்கே போய் நின்றாலும் இந்தக் கதை எனக்கு முன்னால் போய் நிற்கும்.

ஒரு மர மிஷினைச் சொல்ல ஐந்து வாரம் போதவில்லை உங்களுக்கு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கடையில் நின்ற அன்றைக்கே உங்களை எனக்குத் தெரியும். நீங்களும் என்னைத் தெரிந்துகொண்டீர்கள் என்று எனக்குத் தெரியும். இருபத்து மூன்று வருடத்துக்கு முன்னால் விக்கிரவாண்டியில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்து பாயில் உட்கார்ந்தவர் நீங்கள். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்கும் தெரியும், பெரியவர்கள் ஆயிரம் பேசினாலும் பையன் தன் வாயால் சொல்லவேண்டும். என் அப்பா கேட்டார்: "பொண்ணு புடிச்சிக்கீதா தம்பி? நீயே சொல்லு." நீங்கள் சொல்லவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன், வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தீர்கள். தலையை ஆட்டியிருந்தாலே போதும், மீதியை நான் அப்பாவிடம் பேசி முடித்திருப்பேன். உங்கள் சித்தப்பா "சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்தார். ஒரு மாதம் காத்திருந்தேன். ஒரு மாதம் ஒவ்வொரு நாளும். பிறகு தென்னரசு வந்தார், முதல் கேள்விக்கே "புடிச்சிக்கீது" என்றார், கட்டிக்கொண்டேன். அவரோடு நன்றாகத்தான் வாழ்ந்தேன். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

ஆனால் அன்றைக்கும் காக்க வைத்தீர்கள், இன்றைக்கும் காக்க வைத்தீர்கள். இனி எழுதவேண்டாம்.

ஜெசிந்தா


விழுப்புரம்.
03.03.2025

ஜெசிந்தா,

எழுதவேண்டாம் என்றீர்கள். இந்த ஒன்றைப் படித்துவிட்டுக் கிழித்துப்போடுங்கள்.

புது லோடு என்று ஒன்று கிடையாது. நான் மூன்று மிஷின்களை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கவும் இல்லை. உங்கள் முதல் கடிதத்தைப் படித்து முடிக்கும்போதே எனக்குத் தெரியும். சவுக்கு மரம், உங்கள் உயரம், பதினைந்தாயிரம். இந்த மூன்றுக்கும் பொருந்துகிற மிஷின் என் கடையில் ஒன்றுதான், 45 சி.சி., பதினெட்டு இஞ்ச். ஜனவரி 25 அன்று உங்களுக்கு முதல் கடிதம் எழுதிய கையோடு அதை எடுத்து, உங்கள் பெயரை நோட்டில் எழுதி, அலமாரிக்கு அடியில் வைத்துவிட்டேன். இத்தனை நாளும் அது அங்கேதான் இருந்தது.

ஏன் சொல்லவில்லை என்றால், சொல்லிவிட்டால் நீங்கள் வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவீர்கள். அதற்குப் பிறகு எனக்கு எழுத உங்களுக்கு என்ன காரணம் இருக்கும்? ஒவ்வொரு கேள்வியும் இன்னொரு கடிதத்துக்கு ஆசைப்பட்டுக் கேட்டது. நாள் கணக்கு எனக்குத் தெரியாமல் இல்லை, இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று இருந்துவிட்டேன். உங்கள் கையைக் கிழித்தது ரோட்டோரத்து மிஷின் இல்லை, நான்தான். அந்தத் தோப்பைப் பறித்ததும் நான்தான்.

பழையதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குப் பாயில் உட்கார்ந்திருந்தபோது சொல் தொண்டை வரை வந்தது. "பு" என்று ஆரம்பித்துச் சபை நடுவே மாட்டிக்கொண்டு நின்றால் நீங்கள் கதவுக்குப் பின்னாலிருந்து சிரிப்பீர்களோ என்று பயந்தேன். வீட்டுக்கு வந்து உங்கள் அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். சரியாக வரவேண்டும் என்று திருத்தித் திருத்தி எழுதி முடிக்க ஒரு மாதம் ஆயிற்று. தபாலில் போடாமல் கையில் கொடுக்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை விக்கிரவாண்டிக்கு வந்தேன். நேரே மாதா கோயிலுக்குப் போனேன். பூசையில் சாமியார் கல்யாண ஓலை வாசித்தார். கூட்டேரிப்பட்டு தென்னரசு, விக்கிரவாண்டி ஜெசிந்தா, முதல் ஓலை. தடை தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்றார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் இருந்தது தடை இல்லை, வெறும் ஆசை. அதற்கு எழுந்து நிற்கமுடியாது.

தென்னரசு முதன்முதலில் மிஷினோடு கடைக்கு வந்தபோது ஊர்ப் பெயரை வைத்துத் தெரிந்துகொண்டேன். அவர் மிஷின் ஒருநாள்கூட என் கடையில் தங்கியதில்லை. மற்ற வேலையை நிறுத்திவிட்டு அன்றன்றே முடித்துக் கொடுப்பேன், அது ஓடினால்தான் உங்கள் வீட்டில் அடுப்பு எரியும் என்று தெரியும். உங்கள் விஷயத்தில் நான் தாமதம் செய்யாதது அது ஒன்றுதான்.

மிஷினை இன்று பஸ்ஸில் பார்சல் போட்டுவிட்டேன். கூட்டேரிப்பட்டு நிறுத்தத்து டீக்கடையில் இறக்கி வைப்பார்கள். ஹெல்மெட், கண்ணாடி, செயின் தீட்ட உருண்டை அரமும் வைத்திருக்கிறேன். வேண்டாம் என்றால் திருப்பி அனுப்புங்கள்.

சவுரிராயன்


விழுப்புரம்.
24.03.2025

ஜெசிந்தா,

பார்சல் திரும்பி வரவில்லை. மூன்று வாரமாக அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன். பதில் கொண்டுவராத தபால்காரரைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று இப்போது தெரிகிறது. உங்களை ஒரு மாதம் அப்படி நிற்க வைத்தேன்.

தொந்தரவு செய்ய எழுதவில்லை. மிஷினை எடுப்பதாக இருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு நாற்பது மில்லி 2T ஆயில், மறக்கவேண்டாம். பழைய எஞ்சின் ஆயிலை பாருக்கு ஊற்றவேண்டாம். தையல் பிரித்தாயிற்றா? கை மடங்குகிறதா?

இதற்காவது ஒரு வரி எழுதுங்கள். உங்கள் கையெழுத்தைப் பார்க்காமல் சாயங்காலம் போகமாட்டேன் என்கிறது.

சவுரிராயன்


கூட்டேரிப்பட்டு.
12.04.2025

சவுரி,

கை மடங்குகிறது. கட்டை விரல் ஓரம் மட்டும் கொஞ்சம் மரத்துப்போயிருக்கிறது.

உங்கள் பார்சல் இருபது நாள் பிரிக்காமல் மூலையில் கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எட்டி உதைக்கலாம் போல இருக்கும். திருப்பி அனுப்பலாம் என்றால் அதற்கும் மனம் வரவில்லை. கடைசியில் தையல்நாயகி பொறுக்கமாட்டாமல் அரிவாள்மனையால் அட்டையைக் கிழித்தாள். "அந்தாள் மேல கோவத்த வெச்சிக்க. மிஷின் இன்னா பண்ணிச்சி?" என்றாள். அவள் கேட்டது சரியாகத்தான் இருந்தது.

முதல் தடவை முடுக்கியதும் செயின் பிரேக்கைத்தான் நாலு தடவை தட்டிப் பார்த்தேன், நின்றது. பள்ளிக்கூடத்துப் பின்னால் புயலில் சாய்ந்த வேம்பு ஒன்று. பயந்து பயந்து அறுத்தேன். சொன்னதைக் கேட்டது உங்கள் மிஷின். அதற்குப் பிறகு கேணிக்கரையில் பன்னிரண்டு சவுக்கு, மயிலம் ரோட்டில் ஒரு வாகை. நேற்று பச்சைமுத்து பைக்கை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். விழுந்து கிடந்த கட்டையைச் சாண் போட்டு அளந்துவிட்டுப் போனார். அவர் சொல்வார், பொறுத்துப் பார்க்கிறேன்.

போன வாரம் உங்கள் கடைக்கு வந்தேன். நீங்கள் ஸ்பேர் வாங்கப் புதுச்சேரி போகிற கிழமை எது என்று கடைப் பையனிடம் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வந்தேன். இனாமாக எனக்கு மிஷின் வேண்டாம், ரோட்டோர மிஷினை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, வெட்டுக் கூலியையும் சேர்த்துப் பணத்தைக் கல்லாவில் கட்டிவிட்டேன். அப்போது நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். ஜனவரி 25ஆம் தேதியில் உங்கள் கையெழுத்தில் என் பெயர் இருந்தது. நீங்கள் எழுதியது உண்மைதான். பார்த்ததும் கோபம் இன்னும் அதிகமாயிற்று. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு திண்டிவனம் வரை அழுதேன். கூட்டேரிப்பட்டில் இறங்க மறந்துவிட்டேன்.

கோபம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். ஆனால் இந்த ஆறு வாரமும் சாயங்காலமானால் உங்களுக்குச் சொல்ல ஏதாவது ஒன்றைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் இருந்தேன். வாகை விழுந்த சத்தம், தையல்நாயகி பேசிய பேச்சு, கை அரிப்பு, எல்லாம். சொல்லாமல் வைத்துக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை.

மாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். கையிலிருந்த செபமாலையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, "எம் மவனோட உன்னயும் சேத்தா பொதச்சேன்? வரச் சொல்லு. மூஞ்சியப் பாக்கலாம்" என்றார். அமலாவிடமும் கேட்டேன். அவள், "நீ இத்தன நாள் யாருக்கு எழுதிக்கினு இருந்தன்னு எனக்குத் தெரியாதா?" என்கிறாள். வீட்டில் தெரியாதது எனக்குத்தான் போலிருக்கிறது.

அப்பா இப்போது இல்லை. அவர் கேட்டதை நானே கேட்கிறேன். பிடித்திருக்கிறதா, இல்லையா?

வாயால்தான் சொல்லவேண்டும் என்று இங்கே யாரும் கேட்கப்போவதில்லை. ஆள் வந்தால் போதும். ஈஸ்டருக்கு முன்னால் வரவேண்டும். இதற்குப் பதிலாகக் கேள்வியோடு ஒரு கடிதம் வந்தால் பிரிக்காமல் அடுப்பில் போட்டுவிடுவேன். அதற்குப் பிறகு என்னிடமிருந்து ஒரு எழுத்தும் வராது.

ஜெசிந்தா


விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு.
15.04.2025, காலை 10.40

ஜெசிந்தா,

பிடித்திருக்கிறது.

தபால்காரர் கையிலிருந்து வாங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கடையைத் திறந்தபடி விட்டுவிட்டு வந்திருக்கிறேன். கையில் கிரீஸ், சட்டையிலும் கிரீஸ். மாற்றிக்கொண்டு வரலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. மாற்றினால் சாயங்காலம் போகலாமே என்று தோன்றும், சாயங்காலம் ஆனால் நாளைக்குப் போகலாமே என்று தோன்றும். என்னை எனக்குத் தெரியும். அதனால் இப்படியே கிளம்பிவிட்டேன்.

பெஞ்சில் உட்கார்ந்து மடியில் வைத்து எழுதுகிறேன். எதையும் திருத்தவில்லை, படித்துப் பார்க்கவும் போவதில்லை. பக்கத்தில் தபால் பெட்டி இருக்கிறது, அதில் இதைப் போடமாட்டேன். கண்டக்டர் கூப்பிடுகிறார், "கூட்டேரிப்பட்டு, திண்டிவனம்... ஏறுங்க, ஜல்தி ஜல்தி!"

உங்கள் வாசலில் வந்து நின்றதும் எனக்கு வாய் வராது. உங்கள் மாமியார் முன்னால் நிச்சயம் வராது. அப்போது இந்தக் காகிதத்தை உங்கள் கையில் கொடுப்பேன். உள்ளே எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அங்கேயே நின்று படியுங்கள். நீங்கள் படித்து முடிக்கும்வரை நான் போகமாட்டேன். முடித்த பிறகும் போகமாட்டேன்.

சவுரி